கத்திரி வெயிலில் ஓர் ஈத்து

தேவகுமாரி வெள்ளைப் பெட்டை முயலின் பிடரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து அழுத்திப் பார்த்தாள். சினை பிடித்திருந்தால் விரலுக்குள் கோலிக்குண்டு போல உருள வேண்டும். ஒன்றும் உருளவில்லை. அடுத்த கூண்டைத் திறந்தாள். அதன் வயிற்றிலும் இல்லை.

ராசம்மாள் அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுலயும் இல்லீங்கக்கா."

"எனக்குத் தெரியும் அம்மிணி. நேத்தே வவுத்தத் தடவிப் பாத்துட்டேன். உன்ற கைக்காவது ஏதாச்சும் சிக்காதான்னுதான் பேசாம நின்னேன்."

தேவகுமாரி முயல் வளர்ப்போர் சங்கத்தின் மேற்பார்வையாளர். சங்கம் இருந்தது மேலே, ஏற்காட்டில். கொட்டச்சேடு, கரடியூர் என்று மலைமேல் இருக்கிற ஊர்களுக்குத்தான் அதுவரை முயல் கொடுத்திருந்தார்கள். அடிவாரத்துக் குப்பனூருக்கு வந்த முதல் கூண்டுகள் ராசம்மாளுடையவை. அவற்றை யாரும் கூப்பிட்டுக் கொடுத்துவிடவில்லை. கூட்டம் நடந்த இடத்துக்கே மலையேறிப் போய், "மலைமேல இருந்தாத்தான் மனுசங்களா?" என்று கேட்டு, பதில் வரும்வரை வாசலை விட்டு நகராமல் நின்று வாங்கி வந்தாள்.

அது போன வருஷம். போன வருஷக் கோடையில் ஒரு கிடா நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்தது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. மழை விழுந்த பிறகுதான் பெட்டைகள் சினையாயின. ஐப்பசி, கார்த்திகையில் குட்டிகள் கூண்டு நிறைய ஓடின. இப்போது மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மறுபடியும் அதே கதை.

சங்கத் தலைவர் கொட்டச்சேட்டுப் பொன்னுவேல். அவர் போன கூட்டத்தில் சொன்னதைத் தேவகுமாரி மறைக்காமல் சொல்லிவிட்டாள். "முயலு குளுந்த எடத்துச் சீவன். கீழ வெச்சுக் கொல்லறதுக்கா குடுத்தோம்? வைகாசி பொறக்கறதுக்குள்ள உசுரோட ஒரு ஈத்துக் காட்டட்டும். காட்டலீன்னா கூண்டோட ஜீப்புல ஏத்திட்டு வந்துருவோம்." கூட்டத்தில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். பொன்னுவேல் கெட்ட மனுஷர் இல்லை. அவர் புதிதாகப் போட்ட கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

"அப்ப முயலு போச்சுன்னா நான் மறுக்கா குவாரிக்குப் போகோணும்," என்றாள் ராசம்மாள். அவள் அதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன குழம்பு என்பது போலச் சொன்னாள்.

குவாரியில் அவள் ஜல்லிக் கூடை சுமந்தவள். பதினாறு வயதில் தலையில் ஏறிய கூடை, நாற்பது தாண்டும் வரை இறங்கவில்லை. உச்சந்தலையில் சும்மாடு அழுத்திய இடத்தில் முடி முளைப்பதை நிறுத்திவிட்டது. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையும் சேர்த்துத்தான் திருப்புவாள். அவள் புருஷன் ஐயாக்கண்ணு அதே குவாரியில் பாறையில் குழி போட்டவன். கம்ப்ரசர் மிஷினைப் பிடித்துப் பிடித்து, நெஞ்சு முழுக்கக் கல்மாவு. இப்போது பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்கிக்கொள்வான். முயல் வந்த பிறகுதான் அவனுக்கும் ஒரு வேலை கிடைத்தது. தட்டைக் கழுவ, தண்ணீர் ஊற்ற, முயலுக்குப் பெயர் வைக்க. குவாரி ஆட்களின் பெயர்களாகவே வைத்தான். சாதுவாக, தொந்தி தள்ளி உட்கார்ந்திருக்கிற கிடாவுக்குக் கணக்குப்பிள்ளை. கையை நீட்டினால் பல்லைக் காட்டுகிற சாம்பல் கிடாவுக்கு மேஸ்திரி.

தேவகுமாரி பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். காய்ந்த ஆரஞ்சுத் தோல்.

"பயிற்சிக்குப் போயிருந்தப்ப அங்க சொன்னாங்க. வெயில் ஊருங்கள்ல முயல் வளர்க்கறவங்க தீவனத்தோட இலைப்பொடி கலந்து குடுக்கறாங்களாம். வெயில் தாக்கறதால கிடாவுக்கு விந்து கெட்டுப் போகுது, பெட்டையும் தீனி எடுக்கறதில்ல. இந்த மாதிரித் தழையில இருக்கற சத்து அதைத் தாங்க வைக்குமாம். முருங்கை இலை நல்லதுன்னாங்க. கூடக் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். நான் செஞ்சு பாத்ததில்லீங்கக்கா. கேட்டதைச் சொல்றேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஐயாக்கண்ணு எழுந்தே விட்டான்.

"ஏனுங்க, முருங்கை சூடுங்க. மாசியிலயே மண்ட பொளக்குது. இதுல முருங்கையப் போட்டா அதுக உள்ளயே வெந்துரும்."

"உனக்கு நான் முருங்கைக்காய்க் கொழம்பு வெச்சப்ப ஒருநாளாச்சும் சூடுன்னு சொல்லியிருக்கியா மாமா? ரெண்டாம் தபா சோறு கேட்டியே," என்றாள் ராசம்மாள்.

தேவகுமாரி குனிந்து முயலின் காதை ஆராயத் தொடங்கினாள்.

"அது மனுசனுக்கு," என்றான் ஐயாக்கண்ணு. "வாயில்லாச் சீவன அதோட சேக்காத."

"வாயில்லாமயா உன்ற வெரலக் கடிச்சுது மேஸ்திரி?"

அன்றைக்கே முருங்கை ஒடித்தாள்.

முருங்கைக்குக் குப்பனூரில் பஞ்சமில்லை. கிணற்றடி, புழக்கடை, வேலி என்று எங்கும் நின்றது. முதல் தடவை வெயிலில் பாய் விரித்துக் காயவைத்தாள். மறுநாளே மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. ஆனால் பச்சை போய் வைக்கோல் நிறம் வந்திருந்தது. பொடித்துத் தவிட்டில் கலந்து வைத்தால் முயல்கள் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. வெயிலில் காய்ந்ததில் வெறும் கசப்புத்தான் மிச்சம் என்று அவளே வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினாள். இரண்டாம் தடவை வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் பரப்பி நிழலில் உலர்த்தினாள். ஐயாக்கண்ணு தரையில் படுத்தான். அதில் அவனுக்குக் கோபம். தழை பச்சை மாறாமல் காய்ந்தது. உரலில் இடித்து, சல்லடையில் சலித்து, கோதுமைத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கம்பு மாவும் சேர்த்து, கம்பங்கஞ்சித் தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். ஆரஞ்சுத் தோலைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டாள். உதிரவும் கூடாது, ஒட்டவும் கூடாது. பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உடைய வேண்டும். கையே அளவு.

இந்த முறை முயல்கள் தட்டைக் காலி செய்தன. வெயில் நேரத்தில் காதைத் தொங்கப்போட்டுப் பக்கவாட்டில் விழுந்து கிடந்த பெட்டைகள், பங்குனி பிறந்தபோது உச்சி வெயிலிலும் எழுந்து வந்து தட்டை முட்டின. மயிர் பளபளத்தது. தேவகுமாரி வந்து பார்த்துவிட்டு, "இனி கிடாவோட சேர்த்து விடுங்க. இருபது நாள், ஒரு மாசம் தின்னிருக்கு. பலிக்கோணும்," என்றாள்.

சேர்த்தார்கள். கணக்குப்பிள்ளையின் கூண்டுக்குள் வெள்ளைப் பெட்டையை விட்டார்கள். பெட்டைதான் சுற்றிச் சுற்றி வந்தது. கணக்குப்பிள்ளை மூலையில் உட்கார்ந்து தாடையை அசைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் மறுபடியும் விட்டார்கள். பேருக்கு ஏறி இறங்கியது. கிடா வேலையை முடித்தால் ஒரு கீச்சு கத்திப் பக்கவாட்டில் விழ வேண்டும். இது விழவில்லை, கத்தவில்லை. இறங்கி மறுபடியும் மூலைக்குப் போனது. மற்றப் பெட்டைகளுக்கும் அதே மரியாதைதான்.

இரண்டு வாரம் கழித்து ராசம்மாள் வயிறுகளைத் தடவினாள். எல்லாம் காலி.

அந்த வாரம் பொன்னுவேல் சேலத்திலிருந்து திரும்புகிற வழியில் குப்பனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். கொட்டகைக்குள் குனிந்து பார்த்தார். நலம் விசாரித்தார். பேச்சோடு பேச்சாகக் கூண்டின் நீளத்தைச் சாணால் அளந்தார்.

"என்னங்க தலைவரே, சாண் போடறீங்க?" என்றாள் ராசம்மாள்.

"சும்மா. ஜீப்புல எத்தன நிக்கும்னு பாத்தேன்."

"இன்னும் சித்திரை முழுசா கெடக்குது."

"கெடக்கட்டும் ராசம்மா. நான் என்ன இன்னிக்கே தூக்கறேன்னா சொன்னேன்? அதுக ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. நல்லா தின்னு மினுமினுன்னு இருக்குது. ஆனா குட்டி போடாத முயலு எதுக்கு? அழகு பாக்கவா?" சொல்லிவிட்டு வாசலில் நின்று, மனசு கேட்காதவர் போல, "நான் ஒண்ணும் உன்ற மேல வஞ்சம் வெச்சுப் பேசல. வெயிலோட மல்லுக்கட்ட முடியாது," என்றார்.

அவர் போன மறுநாள் குவாரிக் கான்ட்ராக்டர் ஆள் அனுப்பியிருந்தார். கூடை தூக்க ஆள் பற்றவில்லையாம், ராசம்மாள் வந்தால் அடுத்த வாரமே சேர்த்துக்கொள்கிறாராம். ஐயாக்கண்ணு திண்டாடிப் போனான். போகாதே என்று சொல்ல அவனுக்கு வாயில்லை, போ என்று சொல்ல மனசில்லை. ராசம்மாள் வந்தவனிடம், "சித்திரை முடியட்டும்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள்.

தட்டு கழுவுவது வழக்கமாக ஐயாக்கண்ணுவின் வேலை. அன்று அவனுக்கு இருமல் அதிகமாகி முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். கூண்டுக்கு அடியில் மூத்திரம் விழுகிற தகரத் தட்டுகளை அவள் ஒவ்வொன்றாக உருவினாள். கணக்குப்பிள்ளையின் தட்டை உருவியதும் நின்றாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். மேஸ்திரியின் தட்டை எடுத்து மோந்தாள். மறுபடி கணக்குப்பிள்ளையின் தட்டு.

வெந்தயக் களி கிண்டுகிற வீட்டில் வருகிற வாசனை.

தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்தாள்.

"மாமா, இதென்ன?"

"மூத்தரம். அத எதுக்கு ஊட்டுக்குள்ள கொண்டாந்தே?"

"வெந்தயம் நாறுது."

ஐயாக்கண்ணு கூரையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல."

"நாந்தான் குடுத்தேன். ஊறவெச்சுக் குடுத்தேன். ஒரு கை. காலையில ஒண்ணு, பொழுதோட ஒண்ணு."

"எப்பத்திலிருந்து?"

"நீ முருங்கை குடுக்க ஆரம்பிச்சியே, அன்னிலிருந்து." அவன் குரலை உயர்த்தினான். மூச்சு போதவில்லை, இறக்கிக்கொண்டான். "முருங்கை சூடு புள்ள. நீயும் அந்தம்மிணியும் சேந்துட்டீங்க, என்ற பேச்ச யாரு கேக்கறா? போன கோடையில ஒரு கெடா என்ற மடியிலதான் செத்துச்சு. நாக்கு நீலமாப் போச்சு. இதும் அப்பிடிப் போயிரக் கூடாதுன்னுதான். சூட்டுக்குச் சூடு ஏறிச்சுன்னா, குளுக்கறதுக்கு ஒண்ணு வேணுமா வேண்டாமா? நம்ம ஊட்டுல கோழிக்கறி தின்னா மோரு குடிக்கறதில்லையா?"

"பொட்டைக்கும் குடுத்தியா?"

"இல்ல. பொட்டைக்கு எதுக்கு? ஒடம்புல சூடு எடுக்கறது கெடாதான."

"மேஸ்திரிக்கு?"

"அது கிட்டப் போறவன் எவன்? வெரலத் துண்டாக்கிரும். கணக்குப்புள்ளைக்கு மட்டும்தான். அது கையில வாங்கித் தின்னுக்கும்."

ராசம்மாள் தட்டோடு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று ஐயாக்கண்ணு எதிர்பார்த்தான். கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது.

"நீ சொல்ற கணக்குலயே வெச்சுக்குவோம் மாமா. முருங்கை சூடு. வெந்தயம் குளுமை. கெடா பொட்டைகிட்டப் போறதுக்கு எது வேணும்? சூடா, குளுமையா?"

ஐயாக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் ஏத்தறேன், நீ எறக்கற. தெனம் ரெண்டு தபா. பாவம், கணக்குப்புள்ள என்ன பண்ணும்? மூலையில உக்காந்து அசைபோடுது." அவள் எழுந்தாள். "வெந்தயம் எங்க வெச்சிருக்க?"

அவன் உறியைக் காட்டினான். அவள் டப்பாவை எடுத்து முற்றத்தில் கோழிக்குக் கொட்டினாள். பிறகுதான் திட்டினாள். நன்றாகத் திட்டினாள். அடுத்த வீட்டுக் குப்பாயி வேலிமேல் தலையை நீட்டி, "என்னக்கா, சண்டையா?" என்றாள். "இல்ல, வைத்தியம்," என்றாள் ராசம்மாள்.

அன்றைக்கே சாயங்காலம் அவள் மேஸ்திரியின் கூண்டைத் திறந்தாள். மேஸ்திரியை இதுவரை யாரும் பெட்டையோடு சேர்க்கவில்லை. அது கடிக்கும், அதன் குட்டியும் கடிக்கும், கடிக்கிற முயலை யார் வளர்ப்பார்கள் என்பது ஐயாக்கண்ணுவின் வாதம். ஆனால் முருங்கைத் தீவனத்தைத் தின்று வெந்தயம் தின்னாத கிடா இந்தக் கொட்டகையில் அது ஒன்றுதான். கணக்குப்பிள்ளையின் உடம்பிலிருந்து வெந்தயம் இறங்கக் காத்திருந்தால் வைகாசி பிறந்துவிடும்.

சும்மாட்டுத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கூண்டுக்குள் விட்டாள். துணிக்கு மேலே, முழங்கைக்குக் கீழே கடித்தது. பல் சதைக்குள் இறங்கியதை அவள் உணர்ந்தாள். கையை இழுக்கவில்லை. குவாரியில் கல் கால்மேல் விழுந்தாலும் கூடையைக் கீழே போட்டதில்லை. மறு கையால் பிடரியைப் பிடித்து, கூண்டுக்குள் அதை ஒதுக்கி வைத்து, ரத்தம் சொட்டச் சொட்டத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வெளியே எடுத்தாள். இடம் வேண்டும்.

"உடு புள்ள, உடு," என்றான் ஐயாக்கண்ணு வாசலிலிருந்து.

"வெள்ளப் பொட்டையக் கொண்டா."

வெள்ளைப் பெட்டையை உள்ளே விட்டார்கள். மேஸ்திரி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு ராசம்மாளையும் அவள் கையையும் இந்த உலகத்தையும் மறந்துவிட்டது. ஐயாக்கண்ணு மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கீச்சென்று ஒரு கத்தல். மேஸ்திரி வெட்டிய மரம் போலப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. எழுந்து, பின்னங்காலால் பலகையைத் தட்டியது.

"செத்துப் போச்சுன்னு நெனச்சேன்," என்றான் ஐயாக்கண்ணு.

"மேஸ்திரி எங்கயாச்சும் வேலை செஞ்சு செத்திருக்கானா?" என்றாள் ராசம்மாள். இருவரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு இருமலாகியது. இருமிக்கொண்டே சிரித்தான்.

கருப்புப் பெட்டை அன்று சம்மதிக்கவில்லை. உட்கார்ந்துகொண்டு உறுமியது. சித்திரை பிறந்து சில நாள் கழித்து அதன் மனசு மாறியது. அதற்கும் மேஸ்திரிதான்.

தேவகுமாரி அடுத்த தடவை வந்தபோது வெள்ளைப் பெட்டையின் வயிற்றில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ராசம்மாளுக்குக் கலங்கவில்லை.

"இன்னும் ஈனல அம்மிணி. ஈனட்டும்." பிறகு வெந்தயக் கதையைச் சொன்னாள். ஐயாக்கண்ணு வெளியே போய் நின்றுகொண்டான்.

"கொஞ்சமாக் குடுத்தா ஒண்ணும் பண்ணாதுங்கக்கா. தெனம் ரெண்டு கைன்னா, கிடாவோட வீரியத்தக் கெடுக்கும்போல. நான் முருங்கையப் போடுங்கன்னு சொன்னேனே தவிர, வேற என்ன போடறீங்கன்னு கேக்கவே இல்ல. அது என்ற தப்பு."

"நம்ம ரெண்டு பேரும் கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பாராக்கும்?"

சித்திரை வெயில் ஏறியது. கத்திரி தொடங்கிய அன்று காற்றே இல்லை. மலைமேல் மேகம் நின்றது, கீழே ஒரு பொட்டு நிழல் விழவில்லை. ராசம்மாள் கீற்றுக்கு மேல் சோளத்தட்டை போட்டாள். கூண்டைச் சுற்றி நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டாள். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். ஜல்லியை விடத் தண்ணீர் கனமில்லை என்று குப்பாயியிடம் சொன்னாள். அதில் கொஞ்சம் பொய் இருந்தது. காலையில் வெயில் ஏறும் முன்பும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் முருங்கைத் தீவனம் வைத்தாள். பகலில் பாதி வாடிய பச்சை முருங்கைக் கொத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். வெள்ளைப் பெட்டை அதை ஒரு காம்புகூட மிச்சம் வைக்காமல் தின்றது. ஐயாக்கண்ணுவுக்கு வேலை ஒன்றே ஒன்று. தன் கையால் எதையும் கொடுக்கக் கூடாது.

ஒரு நாள் காலையில், ஈனுவதற்காகக் கூண்டுக்குள் வைத்திருந்த பெட்டியில், பெட்டை தன் மேலிருந்து பிடுங்கிப் போட்ட வெள்ளை மயிர் பஞ்சு மூட்டை போலக் குவிந்திருந்தது. குவியல் மூச்சு விட்டது.

ராசம்மாள் மனித வாடை போகக் கையில் முருங்கைத் தழையைத் தேய்த்துக்கொண்டு மயிரை விலக்கினாள். சிவப்பு சிவப்பாக, கண் மூடி, விரல் நீளத்தில் குட்டிகள் நெளிந்தன. எட்டு இருந்தன. ஒன்று அசையவில்லை. அதை எடுத்து மண்ணுக்குள் வைத்தாள். மயிர் அதிகமாக இருந்தால் இந்த வெயிலில் குட்டிகள் அவிந்துவிடும். பாதியை அள்ளி வெளியே எடுத்தாள். மறுநாள் இன்னொன்று செத்தது. ஆறு நின்றன. கத்திரி வெயில் உச்சத்தில் கீற்றுக் கொட்டகைக்குள், சாக்கு நனைத்த ஈரத்தில், வயிறு புடைக்கப் பால் குடித்த ஆறு குட்டிகள்.

ஐயாக்கண்ணு தூணைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தான். ஆறையும் எண்ணி முடித்தான்.

"சூடு தாங்கிருச்சு புள்ள," என்றான் கடைசியில்.

"முருங்கையச் சொல்றியா, வெயிலச் சொல்றியா?"

"ரெண்டையும்."

வைகாசி பிறந்த இரண்டாம் நாள் ஜீப் வந்தது. பொன்னுவேல் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பின்னால் தரையில் தேவகுமாரி. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கூண்டு வைக்க இடம் செய்திருந்தார்கள். கயிறும் கொண்டுவந்திருந்தார்கள்.

ராசம்மாள் அவரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினாள். குட்டிகளுக்கு மயிர் முளைத்துவிட்டது. கண்கள் திறந்துகொண்டிருந்தன. பொன்னுவேல் எட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை. வியாபாரம் செய்தவர், முகம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

"நல்லா இருக்குது. எந்த ஊருக் குட்டி?"

"என்ற ஊருதான்."

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. கரடியூர்ல போன வாரம் ரெண்டு ஊட்டுல ஈத்து. கூடையில வெச்சுக் கொண்டாந்து பெட்டியில போட்டாலும் இப்பிடித்தான் இருக்கும். கத்திரி வெயில்ல அடிவாரத்துல முயலு ஈனுச்சுன்னு மலைமேல போயி நான் சொன்னா சிரிப்பாங்க."

தேவகுமாரி, "நான் சினை பாத்தேனுங்க," என்று தொடங்கினாள். ராசம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். வெள்ளைப் பெட்டையைப் பிடரியில் தூக்கி, மல்லாத்தி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெட்டிக்காகத் தானே பிடுங்கிய இடத்தில் வயிறும் நெஞ்சும் மொட்டையாக இருந்தன. அந்த மொட்டையில் காம்புகள் சிவந்து, பால் கட்டி நின்றன. சுற்றி மயிர் குட்டை குட்டையாக முளைவிட்டிருந்தது.

"இதையும் கரடியூர்ல இருந்து கூடையில வெச்சுக் கொண்டாந்தனா? பொட்டைய மாத்தினனான்னு காது மச்சத்தப் பாத்துக்குங்க. நீங்க வெச்ச மச்சந்தான்."

பொன்னுவேல் காதைப் பார்த்தார். சங்கம் முயல் கொடுக்கும்போது காதில் குத்துகிற நீல மை அடையாளம் இருந்தது. பெட்டையின் மொட்டை வயிற்றை ஒரு விரலால் தொட்டார். பால் கசிந்து விரலை நனைத்தது. விரலை வேட்டியில் துடைத்தார்.

"சரி," என்றார். அப்புறம், விட மனசில்லாமல், "ஒரு ஈத்து அதிர்ஷ்டத்துலயும் வரும் ராசம்மா. கூட்டத்துல கேப்பாங்க. ஒண்ணு வந்தா போதுமா, மறுக்கா மறுக்கா வருமான்னு," என்றார்.

"நீங்கதான ஒரு ஈத்துன்னீங்க."

"நாந்தான். இல்லேங்கல. அதுக்கு மேலயும் கேப்பாங்கன்னு சொல்றேன்."

அப்போது ஐயாக்கண்ணு மூலைக் கூண்டைப் பார்த்துக் கையை உயர்த்தினான். கருப்புப் பெட்டை வாய் நிறைய வைக்கோலைக் கவ்வி நின்றது. வைக்கோலைப் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. திரும்பி உட்கார்ந்து, கழுத்தை வளைத்து, தன் வயிற்று மயிரை வாயால் பிடுங்கியது. ஒரு கொத்து. அதைப் பெட்டிக்குள் வைத்தது. மறுபடி ஒரு கொத்து. அவசர அவசரமாக வேலை செய்தது.

பொன்னுவேலுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எத்தனையோ பெட்டைகளைப் பார்த்தவர். மூலைக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. கொட்டச்சேட்டுக்காரருக்கு இந்தச் சூடு பழக்கமில்லை.

"இந்தச் சூட்டுலயா," என்றார், தனக்குத்தானே. முகம் இப்போது மாறியது. "என்ன போட்டே ராசம்மா?"

"முருங்கை. நெழல்ல காயவெச்சது. அந்தம்மிணி சொல்லுச்சு. ஆரஞ்சுத் தோல் உங்க ஊருது. அடுத்த கூட்டத்துக்கு நான் வாரேன், எப்பிடிப் பிசையறதுன்னு எல்லாருக்கும் காட்டறேன். அப்பிடியே குப்பனூருக்கு இன்னும் அஞ்சு ஊட்டுக்கு முயலு கேப்பேன். குப்பாயி பேரு மொதல்ல. இப்பவே சொல்லிட்டேன், வாசல்ல நிக்க வெக்காதீங்க."

"அஞ்சு ஊடா?"

"பத்துன்னு கேக்கலாம்னுதான் இருந்தேன்."

பொன்னுவேல் வாயைத் திறந்தார். ராசம்மாள் அவர் தோளைத் தொடாமல், கையால் காற்றைத் தள்ளி, எல்லாரையும் வாசல் பக்கம் ஒதுக்கினாள்.

"பேச்செல்லாம் வெளிய வெச்சுக்குங்க. ஈனற நேரத்துல ஆள் நின்னா குட்டியக் கடிச்சுரும். வெளிய போங்க. தலைவரே, நீங்களுந்தான்."

தலைவர் குனிந்து, கீற்றில் தலை இடிக்காமல் வெளியே வந்தார். ஐயாக்கண்ணுவும் தேவகுமாரியும் பின்னால் வந்தார்கள். ராசம்மாள் நனைத்த சாக்கை இழுத்து மறைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். வெயில் வெட்டவெளியில் கொதித்தது. நிழல் என்று இருந்தது முருங்கை மரத்தடி மட்டும். பொன்னுவேல் அங்கே போய் நின்றார்.

ஏற்ற ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் டிரைவர் கயிற்றைச் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். ஜீப் உறுமி, புகை விட்டு, ஆடிக்கொண்டு நின்றது. ராசம்மாள் எழுவதற்குள் பொன்னுவேல் வேட்டியை மடித்துக்கொண்டு ஜீப்பிடம் ஓடினார்.

"அறிவிருக்குதாடா உனக்கு? நிறுத்து. உள்ள முயலு ஈனுது."